ஏழாம் நம்பர் சாம்பிள்

புதுத்தெருவில் வெள்ளிக்கிழமை யாரும் வெள்ளைத் துணி துவைக்க மாட்டார்கள். விரதம் ஒன்றும் இல்லை. முதல் நாள் வியாழக்கிழமை, தெருவுக்குப் பின்னால் இருக்கிற தோல் கம்பெனியில் பட்டைத் தொட்டியைத் திறந்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறின சாறு. மாட்டுத்தோலை வாரக்கணக்கில் குளிப்பாட்டிக் களைத்துப்போன சாறு. அது கால்வாயில் ஓடி, தெருக்கோடிப் பள்ளத்தில் தேங்கி, பொழுது விடிவதற்குள் இருபத்தேழு வீட்டுக் கிணற்றிலும் இறங்கிவிடும். வெள்ளி காலையில் வாளியை விட்டு இழுத்தால் டிக்காஷன் வரும். சர்க்கரை போட வேண்டியதுதான் பாக்கி. சனிக்கிழமை கொஞ்சம் வெளுக்கும். ஞாயிறு மஞ்சள். திங்களன்று சுண்ணாம்புத் தொட்டியைத் திறப்பார்கள். செவ்வாய் பூராவும் கை எரியும். புதன்தான் நல்ல நாள். காதுகுத்து, பெண் பார்ப்பது, விருந்துக்கு அழைப்பது எல்லாம் புதன்கிழமைதான். ஏன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், எங்க தெரு வழக்கம் அப்படி என்று சொல்லி வாயை அடைத்துவிடுவார்கள்.

எந்தத் தொட்டியை எப்போது திறப்பார்கள் என்ற சேதியைத் தெருவுக்குக் கொண்டுவருகிறவன் ஏசுபாதம். பட்டைத் தொட்டியில் பத்தொன்பது வருஷ வேலை. முட்டிக்குக் கீழே அவன் கால் இரண்டும் தேக்குமரம் மாதிரி நிறமேறியிருக்கும். கம்பெனியில் அட்டவணை மாறினால் அன்று சாயந்திரமே சைக்கிளில் வரும்போது மணியடித்துக்கொண்டே சொல்லிவிடுவான்: "இந்த வாரம் பட்டை புதன்லயே! துணிய இன்னிக்கே தொவைச்சுக்கோங்க!" பெண்கள் உடனே மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அந்தத் தொட்டியில் சோறு சம்பாதிக்கிறவனும் அவனே, சாக்கடைக்கு முரசு அறைகிறவனும் அவனே.

தெரு உண்டான பன்னிரண்டு வருஷத்தில் எல்லாம் பழகிப்போய்விட்டது. ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை எத்தனை தடவை கண்டித்தும் வெள்ளைச் சட்டை வெள்ளையாக வராததால், திரிபுரசுந்தரி டீச்சர் ஒருநாள் யூனிஃபார்மைச் சந்தன நிறம் என்று அறிவித்துவிட்டார். எந்தப் பிள்ளையும் புதுச் சட்டை வாங்க வேண்டியிருக்கவில்லை. பாலகுரு டீக்கடையில் பால் டீ கிடையாது. பாத்திரம் கழுவின ஈரமே போதும், பால் திரிந்துவிடும். 'கடுங்காப்பி மட்டும். காரணம் கேட்காதீர்' என்று பலகை மாட்டியிருந்தான்.

ஒன்றுக்கு மட்டும் தெரு பயப்படும்: இரும்பு வாளி. வெள்ளிக்கிழமைத் தண்ணீரை இரும்பில் ஊற்றினால் கால் மணி நேரத்தில் பேனா மையாகிவிடும். கடுக்காய்ச் சாறும் துருவும் சேர்ந்தால் அப்படித்தான். புதிதாகக் குடிவருகிறவள் எவளாவது இரும்பு வாளியில் துணியை ஊறப்போட்டு, கொடி பூராவும் துக்கக் கொடி மாதிரி காயப்போடுவாள். தெரு வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, அப்புறம் ஒரு அலுமினிய வாளியை இரவல் கொடுக்கும்.

ஏசுபாதத்தின் பெண்டாட்டி அம்மணிக்குத் தண்ணீரைத் தெளிய வைப்பதில் தெருவிலேயே பேர். மூன்று மண்பானையை ஒன்றன்மேல் ஒன்றாக மரச் சட்டத்தில் நிறுத்தியிருந்தாள். மேல் பானையில் கரி, நடுப்பானையில் ஆற்றுமணல், அடிப்பானை வாயில் நாலாக மடித்த பழைய வேட்டி. அதற்கும் முன்னால் தண்ணீரில் படிகாரம் சுற்றி, பானையின் உள்பக்கத்தில் தேத்தாங்கொட்டையைத் தேய்த்து ஒரு நாள் ஊறவிடுவாள். மேலே டிக்காஷனாகப் போகிற தண்ணீர் கீழே பளிங்காகச் சொட்டும். உப்பு போகாது. ஆனால் பார்வைக்கு அதில் குறை சொல்ல முடியாது. அவளைப் பார்த்து எல்லா வீட்டிலும் மூன்று பானை வந்தது. வாய்க்குப் போவது பானைத் தண்ணீர், மேலுக்கும் துணிக்கும் கிணற்றுத் தண்ணீர். இதை மாற்றினால் அம்மணிக்குக் கோபம் வரும். "ஒரு சொம்பு சொட்ட ஒருமணி நேரம் ஆவுது. அதுல போயி காலு கழுவிக்கினு வரான் பாரு" என்று புருஷனைத் திட்டாத நாள் இல்லை.

இப்படியே போயிருக்கும். மகள் ஹில்டா உண்டாகாமல் இருந்திருந்தால்.

ஹில்டாவை மறைமலை நகரில் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை கார் பாகம் செய்கிற பட்டறையில் வேலை. மாமியார் பேர் தனம். ஏழாம் மாசம் வளையல் அடுக்கிப் பெண்ணை அழைத்துவர அம்மணியும் ஏசுபாதமும் பஸ் ஏறிப் போனார்கள். தனம் நன்றாகத்தான் சாப்பாடு போட்டாள். வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தாள்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காத. போன தபா உங்க வூட்ல ரெண்டு நாள் தங்கிட்டு வந்தேன். என் வெள்ளிக் கொலுசு கறுத்துப்போச்சு. தோ பாரு."

காலை நீட்டிக் காட்டினாள். நிஜமாகவே கறுத்துத்தான் இருந்தது.

"கொலுசுக்கே இந்த கதின்னா கொழந்தைக்கு இன்னா கதி? லாரித் தண்ணி வருதுன்னு சொல்லு, அன்னிக்கே அனுப்புறேன். இல்லாட்டி பிரசவம் இங்கதான்."

தலைப்பிரசவம் தாய்வீட்டில் பார்ப்பதுதான் முறை. அதைச் செய்யாத தாய்க்காரியைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று அம்மணிக்குத் தெரியும்; மற்றவர்களைப் பற்றி அவளே பேசியிருக்கிறாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் தாம்பரம் தாண்டுகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. தாண்டினதும், "அந்தக் கொலுசு வெள்ளியே இல்ல. ஈயம்" என்றாள். அதற்கப்புறம் அழுதாள்.

மறுநாள் தெருவைக் கூட்டி மனு எழுத உட்கார்ந்தாள். மனு என்றதும் ஏசுபாதம் பதறிப்போனான்.

"அடியே, கம்பெனிய மூடச் சொல்லி எழுதிடாதே. மூடினா தண்ணி நல்லாயிடும். கஞ்சிதான் இருக்காது."

தெருவில் பாதி வீட்டுக்கு அதுதான் நிலைமை. ஆகையால் கம்பெனி, கால்வாய், பட்டை, சுண்ணாம்பு என்ற வார்த்தைகள் எதுவும் இல்லாமல், தண்ணீர் ஏதோ தானாகவே மனசு கெட்டுப் போனது மாதிரி மனு எழுதி, வாரம் இரண்டு லாரி குடிதண்ணீர் கேட்டு, இருபத்தேழு பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்துக் குடிநீர் ஆபீசுக்கு அனுப்பினார்கள்.

மூன்றே வாரத்தில் பதில் வந்தது. அந்த வியாழக்கிழமை பியூன் குப்பன் சைக்கிள் கேரியரில் ஒரு மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தான். உள்ளே ஆறு கண்ணாடி பாட்டில்.

"நாளைக்குக் காலைல ஆபீசர் வராரு. ஆறு வூட்டுக் கெணத்துல ஆறு சாம்பிள். காலைல ஆறு மணிக்கு, யாரும் மொள்றதுக்கு முன்னாடி, மொதத் தண்ணிய நீங்களே ரொப்பி மூடி வெச்சுருங்க."

"அப்பால?" என்றாள் அம்மணி.

"அப்பால இன்னா. ஆபீசர் வெளிச்சத்துல தூக்கிப் பார்ப்பாரு. கலர் இருந்தா அவசரக் கேசு, ஒரு வாரம் பத்து நாள்ல லாரி. கலர் இல்லேன்னா லேபுக்குப் போவும். லேபுல கியூ. போன வருசத்து பாட்டிலே இன்னும் வரிசைல நின்னுகினு கீது."

நாளைக்கு வெள்ளிக்கிழமை. அம்மணி மனசுக்குள் ஸ்தோத்திரம் சொன்னாள். வாரத்திலேயே கேவலமான தண்ணீர். இதைவிட நல்ல நாள் கேட்டாலும் கிடைக்காது.

குப்பன் பாட்டிலில் ஒட்டுகிற சீட்டுகளை எடுத்தான். ஆம்பிளைகள் எல்லாம் வேலைக்குப் போயிருந்ததால் பொம்பிளைகள் பெயரையே எழுதினான். 'அம்மணி, கதவு எண் 14.' 'அங்காளம்மா, கதவு எண் 9.' 'பாப்பா, கதவு எண் 21.' இன்னும் மூன்று பேர். பசை தடவி, பெயர் தெரிகிற மாதிரி அழுத்தி ஒட்டினான்.

அங்காளம்மா தெருமுனையில் இட்லி விற்கிறவள். தன் பெயர் ஒட்டின பாட்டிலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது இன்னாத்துக்கு பேரு?"

"எந்தத் தண்ணி யாருதுன்னு தெரிய வேணாமா? ஆபீஸ்ல அலமாரில வரிசையா வெப்பாங்க."

"எத்தினி நாளு?"

"கேஸ் முடியறவரைக்கும்."

அங்காளம்மா அதற்குமேல் பேசவில்லை. அவள் பேசாமல் போனதைப் பார்த்தே அம்மணி உஷாராகியிருக்க வேண்டும்.

குப்பன் போனதும் அம்மணி மற்ற ஐந்து பேரையும் நிறுத்திவைத்துச் சொன்னாள்: "கேட்டுக்குங்க. படிகாரம் கிடையாது. பானை கிடையாது. கெணத்துல இருந்து நேரா பாட்டில். எவ்ளோ அசிங்கமா கீதோ அவ்ளோ நல்லது. எம் பொண்ணு பிரசவம் இதுலதான் கீது."

"எங்களுக்கு இன்னா தெரியாதா?" என்றாள் பாப்பா. கடற்கரைக் குப்பத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து கூடையில் மீன் விற்கிறவள். "கெணத்துத் தண்ணிய ரொப்பி வெக்கிறதுக்கு ஒரு மீட்டிங்கா?"

எல்லாரும் தலையாட்டிவிட்டுக் கலைந்தார்கள்.

அன்று சாயந்திரம் அம்மணிக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஆபீசர் வந்து நிற்கப்போவது அவள் வீட்டுக் கிணற்றடி. கைப்பிடிச் சுவர் பாசி பிடித்துக் கிடந்தது. சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்தாள். வெறும் வெள்ளை மொட்டையாக இருக்கிறதே என்று காவி கரைத்து, பட்டை பட்டையாகச் சிவப்புக் கோடும் இழுத்தாள். கோயில் மதில் மாதிரி ஆகிவிட்டது. ஏசுபாதம் வந்து பார்த்து, "ஏன்டி, கெணறு நாறுதுன்னு காட்டறதுக்குக் கூப்புட்டுட்டு கெணத்துக்கு கல்யாணம் பண்ணி வெக்கிறியா?" என்றான்.

"வர்ற மனுசன் நம்மள இன்னா நெனைப்பாரு?" என்றாள்.

அந்த நினைப்புதான் மறுநாள் காலையில் ஆறு மணிக்கு அவளைக் கெடுத்தது.

கிணற்றில் வாளி விட்டு இழுத்தாள். வியாழக்கிழமைப் பட்டை நன்றாக இறங்கியிருந்தது. பாட்டிலில் ஊற்றி மூடி, சுவர்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். மஞ்சளும் பழுப்புமாய் ஒரு திரவம். அதன்மேல் 'அம்மணி, கதவு எண் 14' என்று சீட்டு. காமாலை வந்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் பெயர் எழுதி ஒரு பாட்டில் கொடுப்பார்களே, அச்சு அசல் அதுதான். இதைக் கொண்டுபோய் அலமாரியில் வைப்பார்கள். போகிற வருகிற ஆபீசரெல்லாம், யார் இந்த அம்மணி, பாவம், கல்லீரல் போய்விட்டது போலிருக்கிறதே என்று கேட்பார்கள். அதுவும் இந்தத் தெருவிலேயே தெளிந்த தண்ணீருக்குப் பேர் போன அம்மணி.

மற்ற ஐந்து பாட்டில் மஞ்சளாகத்தான் இருக்கப் போகிறது. ஆறில் ஐந்து போதாதா? ஒன்று தெளிவாக இருந்தால் லாரி வராமல் போய்விடுமா?

கொட்டிவிட்டாள். பாட்டிலை மூன்று தடவை அலசி, அடிப்பானைத் தண்ணீரை ரொப்பினாள். சூரியனுக்கு நேராகப் பிடித்தபோது வைரம் மாதிரி மின்னியது. மனசு குளிர்ந்தது.

ஆபீசர் ஸ்ரீநிவாசராகவன் ஒன்பது மணிக்குச் சிட்லபாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். ஒல்லி மனிதர். கஞ்சி போட்டு இஸ்திரி செய்த வெள்ளைச் சட்டை. புதுத்தெரு வெகுகாலமாகப் பார்த்திராத வெள்ளை. பிள்ளைகள் அதைப் பார்க்கவே கூடினார்கள்.

"பதினோரு மணிக்கு எனக்கு மீட்டிங் இருக்கு. சீக்கிரம் பார்த்துடலாமா?" என்றார். குரலில் அதிகாரம் இல்லை, அவசரம் மட்டும்தான்.

பெண்கள் முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்த பாட்டில்களைக் கிணற்றுச் சுவர்மேல் வரிசையாக வைத்தார்கள். ஒன்று. இரண்டு. மூன்று. அம்மணி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். நாலு. ஐந்து. ஆறு. ஆறும் கண்ணாடி மாதிரி தெளிவாக நின்றன. பாட்டிலுக்குப் பின்னால் இருந்த முருங்கை மரத்தின் ஒவ்வொரு இலையும் தெரிந்தது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆறு பெண்களும் முருங்கை மரத்தையே பார்த்தார்கள். வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு நின்றிருந்த ஏசுபாதம் மட்டும் பாட்டிலையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஆபீசர் முதல் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "நிறம், இல்லை" என்றார். குப்பன் படிவத்தில் எழுதினான். இரண்டாவது. "நிறம், இல்லை." அங்காளம்மாவின் பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனவர், "குளோரின் வாசனை வர்றதே! கிணத்துலயா?" என்று ஆச்சரியப்பட்டார். அங்காளம்மா விடியற்காலை முதல் மின்சார ரயிலில் போய்த் தாம்பரம் ஸ்டேஷன் குழாயில் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

பாப்பாவின் பாட்டிலைத் தூக்கினபோது அதில் சின்னச் சின்னக் குமிழ்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தன.

"இது என்னம்மா, நுரைக்கிறது?"

"ஊத்து சார்" என்றாள் பாப்பா. "எங்க கெணத்துல ஊத்து ஸ்பீடு."

ஏசுபாதம் தலையில் கையை வைத்துக்கொண்டான். கோலி சோடாவை உடைத்து ஊற்றியிருக்கிறாள்.

ஆபீசர் பேனாவை மூடினார். "நல்ல தண்ணிதானேம்மா இது? எங்க ஏரியாவுலகூட இவ்வளவு தெளிவா வராது. லாரி எதுக்கு?"

"சார்" என்று அம்மணி ஒரு அடி முன்னால் வந்தாள். "சார், இது இல்ல சார் எங்க தண்ணி..."

பக்கத்தில் நின்ற அங்காளம்மா அவள் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். "உன்னுத சொல்லிக்க. எங்குத இழுக்காத."

"என்ன, இது உங்க தண்ணி இல்லையா?" ஆபீசர் முகம் மாறியது. "பாருங்கம்மா, சாம்பிள் தப்புன்னு நீங்களே சொன்னா நான் மனுவை க்ளோஸ் பண்ணணும். ரூல் அது. அப்புறம் ஆறு மாசம் கழிச்சுத்தான் புது மனு போட முடியும். தப்பா?"

ஹில்டாவுக்கு இன்னும் இரண்டு மாசம்தான்.

"தப்பு இல்ல சார்" என்றாள் அம்மணி.

"அப்போ லேபுக்கு அனுப்பறேன். முறைப்படி வரும்." அவர் எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கிணற்றுச் சுவர்மேல் சாய்ந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பத்து ஆள் ஆழத்தில் எல்லாக் கிணற்றுத் தண்ணீரும் கறுப்பாகத்தான் தெரியும். நிமிர்ந்தார்.

பிள்ளைகள் சிரித்தார்கள்.

வெள்ளைச் சட்டையின் வயிற்றில், பட்டன் வரிசைக்கு இரண்டு பக்கமும், அம்மணி ஆசை ஆசையாய் இழுத்த காவிப் பட்டை அப்படியே பதிந்திருந்தது. மூன்று கோடு. வேலி தாண்டின புலி மாதிரி நின்றார்.

"ஐயோ! மீட்டிங்! சீஃப் வர்றார்!" என்றார் ஆபீசர்.

"கழட்டுங்க சார்" என்றாள் அம்மணி. "நேத்து பூசின காவிதான். ஒரு அலசு அலசினா போயிடும். அஞ்சு நிமிஷம். வெயில்ல காஞ்சிடும்."

அவர் கூச்சப்பட்டுக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். பனியனோடு ஸ்டூலில் உட்கார்ந்தவருக்கு பாலகுரு கடையிலிருந்து கடுங்காப்பி வந்தது. "பால் இல்லையா?" என்று கேட்டார். "காரணம் கேட்காதீங்க சார்" என்றான் ஏசுபாதம்.

அம்மணி சட்டையோடு வீட்டுப் பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கு வந்தாள். வந்தவள் நேராக அடிப்பானைக்குத்தான் போனாள். வீட்டுக்கு வந்த மனுஷன், பெரிய ஆபீசர். அவர் துணிக்குக்கூட நல்ல தண்ணீர் இல்லையா? கை சொம்பைப் பானைக்குள் விட்டுவிட்டது.

அப்படியே நின்றாள்.

காலையில் பாட்டிலை அலசியது இதே சொம்பு. அது ஞாபகம் வந்தது. தனத்தின் கறுத்த கொலுசு ஞாபகம் வந்தது. ஹில்டா வாசலில் நின்று, போய்ட்டு வாம்மா என்று சொன்னபோது மாமியார் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னது ஞாபகம் வந்தது.

சொம்பைத் திரும்பப் பானைக்குள் கவிழ்த்தாள். சுவரோரம் சிமெண்ட் கலக்குவதற்கென்று போட்டிருந்த இரும்பு வாளி துருவேறிக் கிடந்தது. எடுத்தாள். காலையில் கிணற்றிலிருந்து இழுத்து வைத்திருந்த வெள்ளிக்கிழமைத் தண்ணீர், கெட்டி டிக்காஷன், தளும்பத் தளும்ப ஊற்றி சட்டையை அமுக்கினாள்.

"ஆண்டவரே, நல்ல சட்டை. மன்னிச்சிரும்" என்றாள்.

அஞ்சு நிமிஷம் என்றது இருபது நிமிஷம் ஆயிற்று. ஆபீசர் இரண்டு தடவை குரல் கொடுத்தார். "காவி கொஞ்சம் பிடிவாதமா கீது சார்!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அது பொய்யில்லை. காவி முதல் முக்கிலேயே போய்விட்டது. மற்றதற்குத்தான் நேரமாயிற்று.

சொட்டச் சொட்டக் கொண்டுவந்து இரண்டு தோளையும் பிடித்து விரித்துக் காட்டினாள்.

சட்டை நாவற்பழ நிறத்தில் இருந்தது. மடிப்பில் மை தெறித்த மாதிரி திட்டுத் திட்டாகக் கறுப்பு. காலர் மட்டும் வாளி விளிம்புக்கு மேலே நின்றிருக்க வேண்டும், அது நல்ல மஞ்சள்.

 காவிக்கோடு மட்டும் சுத்தமாகப் போயிருந்தது.

"என்னம்மா பண்ணே?" ஆபீசருக்கு ஒருமை வந்துவிட்டது.

"தொவைச்சேன் சார்."

"எதுல?"

"எங்க கெணத்துத் தண்ணில சார். நாங்க தெனம் தொவைக்கிற தண்ணி. வேற ஒண்ணியும் போடல. வாங்க, நீங்களே ஒரு வாளி இழுத்துப் பாருங்க."

பனியனோடு எழுந்தார். தானே கயிற்றைப் பிடித்தார். பழக்கமில்லாத கை, வாளி சுவரில் முட்டி முட்டிப் பாதித் தண்ணீர்தான் மேலே வந்தது. குனிந்து பார்த்தார். ஒரு கை அள்ளிப் பார்த்தார். விரலிடுக்கில் பழுப்பாக வழிந்தது. திரும்பி, சுவர்மேல் வரிசையாக மின்னிக்கொண்டிருந்த ஆறு பாட்டிலைப் பார்த்தார். பாப்பாவின் பாட்டிலில் கடைசிக் குமிழி ஒன்று மெதுவாக மேலே ஏறி உடைந்தது.

கோபப்படப் போகிறார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

"சாம்பிள் தப்புன்னு நீங்க சொல்லலை. நானும் கேக்கலை" என்றார். "குப்பா, படிவத்துல இன்னொரு வரி சேரு. சாம்பிள் ஏழு. சட்டை, ஒன்று."

"நிறம் சார்?"

ஆபீசர் யோசித்தார். "நாவப்பழம் சார்" என்றாள் பாப்பா. "எழவு வூட்டு கலரு" என்றாள் அங்காளம்மா. "கருநீலம்னு எழுது" என்றார் ஆபீசர்.

குப்பன் எழுதினான். ஒரு சீட்டை எடுத்துப் பசை தடவினான். பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்து, "யாரு பேரு சார் போடறது? சட்டை உங்குது ஆச்சே" என்றான்.

"என் பேரா?" ஆபீசர் பனியனை இழுத்துவிட்டுக்கொண்டார். "என் பேர் எதுக்கு? அலமாரியில வெச்சா ஆபீஸ்ல எல்லாரும் பார்ப்பாங்களே. இந்தச் சட்டையில என் பேரை ஒட்டினா என்ன நினைப்பாங்க?"

ஆறு பெண்களும் முதல்முறையாக முருங்கை மரத்திலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார்கள்.

"ஆங்" என்றாள் அங்காளம்மா. "அதான் சார். அத்தேதான்."

ஆபீசர் அவளைப் பார்த்தார். பாட்டில்களில் ஒட்டியிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். அப்புறம் குப்பன் கையிலிருந்து பேனாவை வாங்கி, 'ஸ்ரீநிவாசராகவன்' என்று முழுசாக, சீட்டு கொள்ளாத அளவுக்குப் பெரிய எழுத்தில் எழுதி, ஈரக் காலரிலேயே குண்டூசி குத்தினார்.

மீட்டிங்குக்குப் போட்டுக்கொள்ள ஏசுபாதம் தன் சர்ச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து கொடுத்தான். ஆபீசருக்கு அது தோளில் தொங்கியது. ஸ்கூட்டர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார்.

"பரவாயில்லை, நல்ல சந்தனக் கலர்."

"வெள்ளை சார் அது" என்றான் ஏசுபாதம்.

ஒன்பதாம் நாள் லாரி வந்தது. வாரம் இரண்டு என்று பேர். சில வாரம் ஒன்று, சில வாரம் டிரைவருக்குக் காய்ச்சல். கம்பெனியில் வியாழக்கிழமை பட்டைத் தொட்டியைத் திறப்பது மாறவில்லை. ஏசுபாதம் மணியடிப்பதும் மாறவில்லை. ஆனால் லாரி வந்தது.

அடுத்த புதன்கிழமை தனம் ஹில்டாவை அழைத்துக்கொண்டு வந்தாள். ஹில்டா ஆட்டோவிலிருந்து இறங்கி இடுப்பில் கை வைத்து நின்றதும் அம்மணிக்கு உலகமே நிறைந்துவிட்டது. தனம் உட்காரவில்லை. காலிலிருந்து கொலுசைக் கழற்றி, லாரித் தண்ணீர் ரொப்பிய டிரம்மில் ஒரு சொம்பு மொண்டு, அதற்குள் போட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புளி போட்டு விளக்கியிருந்தாள், முந்தின கறுப்பு கொஞ்சமும் இல்லை. கால் மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தாள். கொலுசு வெள்ளையாகவே இருந்தது. வெள்ளிதான்.

"சரி" என்றாள். பிறகுதான் உட்கார்ந்தாள். "ஒரு காப்பி போடு சம்பந்தி. பால் காப்பி."

பால் காப்பி என்ற வார்த்தை ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டது. அம்மணி லாரித் தண்ணீரில் பாத்திரத்தை இரண்டு தடவை கழுவி, பாலை ஊற்றி அடுப்பில் வைத்தபோது, சமையற்கட்டு வாசலில் அங்காளம்மா, பாப்பா, இன்னும் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். பாலகுரு கடையைப் போட்டது போட்டபடி வந்து அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"திரியும் பாரு" என்றாள் அங்காளம்மா.

"வாய மூடு" என்றாள் பாப்பா.

பால் சூடாயிற்று. ஓரத்தில் முத்து முத்தாகக் கட்டியது.  திரியவில்லை. நடுவில் ஆடை கட்டி லேசாக உப்பியது. "திரியலடி!" என்று யாரோ கத்தினார்கள். அம்மணி கையைக் கட்டிக்கொண்டு அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆடை மேலே எழும்பியது, இன்னும் எழும்பியது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளிம்பைத் தாண்டி அடுப்பெல்லாம் வழிந்து ஸ்டவ்வை அணைத்துவிட்டது. இத்தனை பேர் நின்றும், பால் பொங்கும், பொங்கினால் இறக்க வேண்டும் என்பது ஒருத்திக்கும் ஞாபகத்தில் இல்லை.

"இன்னா சம்பந்தி" என்றாள் தனம் கூடத்திலிருந்து, தீய்ந்த வாசனையை மோந்துகொண்டு, "உனக்குப் பால் காய்ச்சக்கூடத் தெரியாதா?"